எந்தச் சுவரில் ஆணி அடிப்பது?

அன்புள்ள மேடம்,

நான் பி.ஆர்க், அதாவது கட்டடக் கலைப் படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி. இந்த செமஸ்டர் ஸ்டூடியோ என்கிற வடிவமைப்பு வகுப்பில் எங்களுக்குக் கொடுத்தது ஒரு சின்ன ஓவியக்கூடம். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை, 250 சதுர மீட்டருக்குள் கட்டடம், நாற்பது படங்கள். மனையைப் பார்க்கப் போன அன்றே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்துக்கும் கூட்டிப் போனார்கள். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடன் இருந்த ஓவியர்களும் பாத்திக் துணி போன்றவற்றைச் செய்து விற்ற காசில் உருவாக்கிய இடம் என்று கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. நானும் வேறு மாதிரி ஏதாவது செய்யணும் என்று அங்கேயே முடிவு பண்ணினேன்.

அகமதாபாத்தில் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி கட்டிய குஃபா என்ற ஓவியக்கூடத்தை நான் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறேன். தரைக்கடியில் ஒரு குகை, வெளியே தலைகாட்டும் கும்மட்டங்கள், சாய்ந்து நிற்கும் தூண்கள். அந்த மயக்கத்தில் என் கூடத்தையும் முழுக்க வளைவாகவே போட்டேன். மாடலுக்காக மவுண்ட் போர்டைக் கீறிக் கீறி வளைத்ததில் ஐந்து நாள் போனது. கட்டர் பட்டு இடது கட்டைவிரலில் இரண்டு தையல்.

இரண்டாவது ரிவ்யூவில் எங்கள் வேலையை மதிப்பிட வெளியிலிருந்து வந்த ஜூரி ஒருவர், மேசையில் கிடந்த தபால்தலை அளவு போர்டுத் துண்டை எடுத்தார். “உன் ஸ்கேலில் இது நாலடிக்கு மூணடி கேன்வாஸ். எங்கே மாட்டுவ, காட்டு” என்று என் வளைந்த சுவரில் வைத்தார். இரண்டு ஓரம்தான் தொட்டது, நடுவில் சந்து. கையை எடுத்ததும் விழுந்தது. “குஃபாவில் எம்.எஃப். உசேன் சுவரிலேயே வரைந்தார். உன் நாற்பது பேரும் வரைவாங்களா?” என்றார். வகுப்பே சிரித்தது.

இன்னொருவர், “ஜூன் மாசம் சென்னையில் சூரியன் எந்தப் பக்கம்?” என்றார். வடக்கு வெளிச்சம் சீராக இருக்கும் என்று புத்தகத்தில் படித்து, வடக்கில் பெரிய கண்ணாடி வைத்திருந்தேன். வாய் திறக்க முடியவில்லை. அன்று ராத்திரி அழுது முடித்துவிட்டுத் தேடிப் பார்த்தேன். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இங்கே நண்பகல் சூரியனே வடக்கில்தான் நிற்கிறது. புத்தகம் எழுதியவரின் ஊர் வேறு, என் ஊர் வேறு. வாட்டர்கலர் படங்கள் வெளுக்காமலிருக்க 50 லக்ஸ் அளவு வெளிச்சம்தான் விடலாம் என்று நானே ஷீட்டில் எழுதியும் வைத்திருந்தேன்.

மூன்று வாரமாகிறது. லேப்டாப்பில் அந்த ஃபைலைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கிறது, மூடிவிடுகிறேன். தூக்கம் வர மூன்று மணியாகிறது. காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. அப்பா மேஸ்திரி. நகையை அடகு வைத்துத்தான் படிக்க வைக்கிறார். தினமும் ஃபோனில் “நல்லா போகுதுப்பா” என்று பொய் சொல்கிறேன். மாடல் செய்யும்போது அவருக்கு ஃபோட்டோ அனுப்பியிருந்தேன். “எந்தச் சுவத்துல தாயி ஆணி அடிப்ப?” என்று ஏதோ கேட்டார். உங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன். கடைசி சப்மிஷனுக்கு இன்னும் 24 நாள். எனக்கு இந்தப் படிப்பு ஒத்துவராதா? விட்டுவிடட்டுமா?

பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அந்தத் தபால்தலைத் துண்டு விழுந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். இரண்டாம் முறைதான் அப்பாவின் கேள்வி கண்ணில் பட்டது. “ஏதோ கேட்டார்” என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். ஜூரி கேட்டதும் அதே கேள்விதானே அம்மா?

வகுப்பு சிரித்தது வலிக்காமல் இருக்காது. கேள்வி சரியாக இருந்தாலும், ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்திச் சிரிக்கவிட்டதை நான் சரியென்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று வாரம் அறுப்பதற்கு அது மட்டும் காரணமாக எனக்குத் தோன்றவில்லை. யாரைப் பார்த்துப் புரியாது என்று சொன்னாயோ, அவருக்கு முதலிலேயே புரிந்திருக்கிறது. நகையை அடகு வைத்தவரும் அவர்தான். அந்தக் குற்ற உணர்வை நேராகப் பார்க்க முடியாமல், “எனக்குப் படிப்பு வராது” என்ற தீர்ப்பாக மாற்றி வைத்திருக்கிறாய் என்பது என் ஊகம். தவறாக இருந்தால் தள்ளிவிடு.

அடுத்தது அந்தப் படபடப்பு. ஃபைலைத் திறக்கிறாய், நெஞ்சு அடிக்கிறது, மூடுகிறாய், உடனே ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் வில்லன். மூடினால் தப்பிக்கலாம் என்று மூளை ஒவ்வொரு முறையும் கற்றுக்கொள்கிறது, அதனால் அடுத்த முறை இன்னும் பலமாக அடிக்கிறது. தைரியம் வந்த பிறகு திறக்கலாம் என்று காத்திருந்தால் 24 நாளும் போய்விடும். பயப்படும் பொருளின் ஓரத்தைத் தொட்டு, படபடப்பு தானாக இறங்கும்வரை பக்கத்திலேயே இருப்பதுதான் வழி.

அதனால் லேப்டாப் இப்போதைக்கு வேண்டாம். நாளை பகலில் அந்த மாடலை மேசையில் எடுத்து வை. அதே அளவில் பத்துத் துண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஏதாவது கிறுக்கு, பிறகு அவற்றை உள்ளே நிற்க வைத்துப் பார். இருபது நிமிடம் போதும். எது நிற்கிறது, எது விழுகிறது என்று மட்டும் கவனி, எதையும் சரிசெய்யாதே. எனக்குக் கட்டடக் கலை தெரியாது. ஆனாலும் உன் கடிதம் முழுக்க வளைவும் கும்மட்டமும் இருக்கின்றன, நாற்பது படங்களில் ஒன்றைப் பற்றிக்கூட ஒரு வரி இல்லை. அதைப் படித்தபோது எனக்கு உறுத்தியது. மறுநாள் அதே இருபது நிமிடம். மூன்றாம் நாள் பக்கத்தில் ஒரு தோழியை உட்காரவைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திற.

அந்த இரண்டு தையல் எத்தனை மணிக்கு விழுந்தது? ராத்திரிதான் என்று நினைக்கிறேன். தூங்காமல் வேலை செய்வதை உங்கள் கல்லூரிகளில் பெருமையாகப் பேசுகிறார்கள். என்னிடம் வரும் ஆர்க்கிடெக்சர் பிள்ளைகள் எல்லோரும் அதைச் சொல்லிக்கொண்டேதான் உட்காருவார்கள். தூக்கம் கெட்ட மூளைக்குச் சின்னத் தவறும் பெரிய அவமானமாகத் தெரியும். இரவு பன்னிரண்டுக்குமேல் கட்டரைத் தொடாதே.

காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்ற வரியை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அது இன்னும் இரண்டு வாரம் நீடித்தால், சாப்பாடு இறங்காமல் போனால், பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார். வாழவே வேண்டாம் என்ற நினைப்பு ஒரு முறை வந்தாலும் காத்திருக்காதே, உடனே டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடு. காசு கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

படிப்பை விடுவதா என்ற கேள்வியை சப்மிஷன் முடிந்து ஒரு மாதம் கழித்து எடுத்துக்கொள். ஒன்று மட்டும் இப்போதே கேட்கிறேன். அழுது முடித்த ராத்திரியில் சூரியன் எந்தப் பக்கம் என்று ஏன் தேடினாய்? யாரும் தேடச் சொல்லவில்லை, மார்க்கும் கிடையாது. இந்தப் படிப்பு வேண்டாம் என்று நிஜமாகவே வெறுத்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் புத்தகத்தையே தொடுவதில்லை.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாளாகப் பார்த்து, அப்பாவுக்கு ஃபோன் போடு. பெரிய மன்னிப்பெல்லாம் வேண்டாம், உங்கள் இருவருக்கும் கூச்சமாக இருக்கும். “ஜூரியும் நீங்க கேட்டதையேதான்பா கேட்டாங்க, என்னால பதில் சொல்ல முடியல” என்று சொல். உடனே ஏதாவது சொல்லிச் சமாளிக்காதே, அவர் பேசட்டும். பிறகு மாடல் ஃபோட்டோவை மறுபடி அனுப்பி, இந்த வளைவைக் காப்பாற்றிக்கொண்டே படம் மாட்ட அவர் என்றால் என்ன செய்வார் என்று கேள். செங்கல்லை வைத்து வளைவு கட்டியவருக்கு, அதன் முன்னால் ஒரு நேர்சுவரை எங்கே நிறுத்துவது என்பதில் நிச்சயம் ஒரு கருத்து இருக்கும்.