ராஜா, ராணி, பின்னால் பாரசீகம்

கேள்வி: அப்பாவின் மரப்பெட்டியில் வெள்ளி வில்லை ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் முடிசூடிய ராஜா, ராணி, சுற்றி ரோஜாப்பூ. மறுபக்கம் உருது மாதிரி எழுத்து. கொள்ளுத்தாத்தா பட்டாமணியமாக இருந்தவர். பத்தர் உருக்கிவிடலாம் என்கிறார். இது எந்தக் காலத்துக் காசு?
- வாசகி, திருவையாறு

பதில்: காசே இல்லையம்மா, பதக்கம். தலைமாட்டில் வளையம் இருக்கும், பாருங்கள்; ரூபாய், அணா என்று எதுவும் பொறித்திருக்காது. ஐந்தாம் ஜார்ஜும் மேரி ராணியும் 1911 டிசம்பர் 12 அன்று டில்லியில் நடத்திய தர்பாரின் நினைவாக அடித்தது. தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்குப் போகும் என்று ராஜா அறிவித்தாரே, அதே தர்பார். பின்னால் இருப்பது பாரசீக எழுத்து. குறுக்களவு ஒன்றரை அங்குலம். கருநீல நாடாவில், நடுவே இரண்டு மெல்லிய செங்கோடுகளோடு தொங்கும். பெட்டி மூலையில் நைந்த துணி கிடந்தால் குப்பையென்று எறிந்துவிடாதீர்கள்.

தங்கத்தில் சுமார் 200தான் செய்தார்கள். வெள்ளியில் பல ஆயிரம். ஆகவே வீடு கட்டும் கனவெல்லாம் வேண்டாம். ஆனால் உருக்கினால் வெறும் வெள்ளி விலைதான், பத்தரிடம் சொல்லிவிடுங்கள்.

புளி, விபூதி போட்டுத் தேய்க்கவும் கூடாது. கும்பகோணத்தில் வாங்கிய ஒன்றை அப்படிப் பளபளக்க வைக்கப்போய், ராணியின் மூக்கையே மழுக்கி வைத்திருக்கிறேன்.