தமிழ்நாடு பொது சுகாதாரத்துறையின் பழைய கதை: கேள்வி பதில்

பொது சுகாதாரத்துறையில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். துறையின் வரலாற்றைத் தேடிப் படிப்பது பல வருடப் பழக்கம். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சார், டிபிஎச், டிஎம்எஸ், டிஎம்இ என்கிறார்களே, எல்லாம் ஒரே சுகாதாரத்துறைதானே? (நர்சிங் மாணவி, சேலம்)

அமைச்சர் ஒருவர்தான், இயக்குநரகங்கள் வேறும்மா. மருத்துவக் கல்லூரியும் அதைச் சேர்ந்த ஆஸ்பத்திரியும் டிஎம்இ, அதாவது மருத்துவக் கல்வி இயக்குநரகம். மாவட்ட, தாலுகா ஆஸ்பத்திரிகள் டிஎம்எஸ், அதாவது மருத்துவப் பணிகள் இயக்குநரகம். ஆரம்ப சுகாதார நிலையம், தடுப்பூசி, கொசு ஒழிப்பு, குடிநீரில் குளோரின் பார்ப்பது எல்லாம் டிபிஎச், அதாவது நான் வேலை பார்த்த பொது சுகாதாரத்துறை. இது சென்னை மாகாணத்தில் 1922-இல் உருவான துறை. 2022-இல் நூற்றாண்டு கொண்டாடினார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு பெரும்பாலான மாநிலங்கள் சிகிச்சையையும் நோய்த்தடுப்பையும் ஒரே துறைக்குள் போட்டுவிட்டன. ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் நிற்கும்போது, கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் வாங்கும் பணம்தான் முதலில் கைமாறும். இங்கே தனி இயக்குநரகம், தனி நிதி, அதற்கென்றே பயிற்சி பெற்ற அலுவலர்கள் என்று கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. தமிழ்நாட்டின் சுகாதாரத்தில் நடந்த ஆகப் பெரிய நல்ல காரியம் இதுதான் என்பேன்.

வெள்ளைக்காரர்கள் தங்கள் பட்டாளத்தைக் காப்பாற்றத்தானே சுகாதாரம் பார்த்தார்கள்? (கல்லூரி ஆசிரியர், மதுரை)

தொடக்கம் அப்படித்தான். போரில் செத்த சிப்பாய்களைவிடக் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் அதிகம். அதனால்தான் 1864-இல் சென்னை, வங்கம், பம்பாய் மூன்றிலும் சுகாதார ஆணையம் அமைத்தார்கள்.

ஆனால் பிறகு சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்ற மருத்துவரை நான் மறக்கமாட்டேன். 1876-78 தாது வருஷப் பஞ்சம். செலவைக் குறைக்க வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று 1877 ஜனவரியில் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. அதைச் சாப்பிட்டுவிட்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும். கார்னிஷ் அரசாங்க ஊழியராக இருந்துகொண்டே எதிர்த்து எழுதினார். ஒன்றரை பவுண்டு தானியமாவது வேண்டும், பருப்பும் சேர வேண்டும், இல்லாவிட்டால் இவர்கள் மெல்லச் சாவார்கள் என்று வாதாடினார். 1877 நடுவில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் போன உயிர்கள் போனவைதான். இருந்தாலும் பசியைச் சுகாதாரப் பிரச்சினையாகப் பார்த்துச் சண்டை போட்ட ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

1939 சட்டம் என்கிறார்களே, அதில் என்ன விசேஷம்? (வழக்கறிஞர், கோவை)

பொது சுகாதாரத்துக்கென்று இந்தியாவில் வந்த முதல் விரிவான சட்டம் அது. ராஜாஜி பிரதமராக (அன்று மாகாண முதல்வரை அப்படித்தான் சொல்வார்கள்) இருந்த சென்னை மாகாண அரசில் டி. எஸ். எஸ். ராஜன் சுகாதார அமைச்சர். குடிநீர், சாக்கடை, தொற்றுநோய், கொசு, தாய் சேய் நலம், திருவிழாக் கூட்டம் எல்லாம் அதில் உண்டு. ஒரு வீட்டுத் தொட்டியில் கொசுப்புழு இருந்தால் நோட்டீஸ் கொடுக்க எங்களுக்கு அதிகாரம் வந்ததே அதிலிருந்துதான். இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

எங்கள் ஊரில் மலேரியா ஆராய்ச்சி நடந்ததாகத் தாத்தா சொல்வார். உண்மையா அண்ணே? (பட்டுக்கோட்டை)

உண்மைதான் தம்பி, உலக அளவில் பேசப்பட்ட ஆராய்ச்சி. மேட்டூர் அணை கட்டி, 1934-இல் கல்லணைக் கால்வாயில், அதாவது உங்கள் புது ஆற்றில், தண்ணீர் விட்டார்கள். வானம் பார்த்த பூமி நஞ்சையானது. கூடவே அதுவரை பெரிதாக இல்லாத மலேரியாவும் வந்தது. அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த மருத்துவர் பால் ரஸ்ஸல் அங்கே ஆராய்ந்தார். வாய்க்கால் வெட்ட மண் எடுத்த பள்ளங்களிலும் புது வயல்களிலும் தேங்கிய தண்ணீரில் ஒருவகை அனாபிலிஸ் கொசு பெருகுவது தெரிந்தது. அந்தக் கொசு குடிசையிலும் மாட்டுக்கொட்டகையிலும் பகலில் ஒண்டிக்கிடக்கும். சாமந்தி இனப் பூவிலிருந்து எடுத்த பைரித்ரம் மருந்தை வீட்டுக்குள் அடித்துப் பார்த்தார்கள், நோய் குறைந்தது. டிடிடி பூச்சிக்கொல்லி வருவதற்கு முந்தைய காலம் அது. அணை கட்டும்போதே வடிகாலையும் யோசித்திருக்க வேண்டும் என்ற பாடம் அப்போதே கிடைத்தது. இன்றைக்கும் சாலை போடுகிறவர்கள் பள்ளத்தை மூடாமல் போகிறார்கள்.

அம்மை குத்த வருபவரைக் கண்டால் ஓடுவார்களாமே? (இல்லத்தரசி, விருதுநகர்)

ஓடத்தான் செய்வார்கள். பித்தளைத் தண்டின் முனையில் பல் வைத்த சின்ன வட்டு இருக்கும். கையில் வைத்து அழுத்தித் திருகுவார்கள். அந்த வட்டத் தழும்பு என் கையிலும் இருக்கிறது. மருந்து கிண்டி கிங் நிலையத்தில் கன்றுக்குட்டியின் தோலிலிருந்து எடுத்தது. ஊசியைவிடப் பெரிய சிக்கல், ஆத்தா வந்திருக்கிறாள் என்று வீட்டை மூடிக்கொள்வது. அதட்டி உள்ளே போனவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, கும்பிட வேண்டியதைக் கும்பிடுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் குத்திக்கொள்கிறேன் என்று கேட்டவர்களால்தான் பெரியம்மை போனது.

பிரசவத்தில் தாய் சாவது எப்படிக் குறைந்தது? (பத்திரிகையாளர், சென்னை)

கிராம சுகாதாரச் செவிலியர், அதாவது ஊரில் நர்ஸம்மா என்று கூப்பிடுவோமே, அவர்தான் முதல் காரணம். அப்புறம் 3 செவிலியர்களோடு 24 மணி நேரமும் இயங்கிய ஆரம்ப சுகாதார நிலையங்கள். மூன்றாவதாக ஒன்று, வெளியே அதிகம் தெரியாது. ஒரு தாய் இறந்தால் அந்த வீட்டுக்கே போய் விசாரிப்பார்கள். வலி எப்போது வந்தது, யாரிடம் சொன்னீர்கள், வண்டி எப்போது கிடைத்தது, ஆஸ்பத்திரியில் யார் பார்த்தார்கள் என்று மணிக்கணக்கோடு எழுதுவார்கள். பிறகு ஆட்சியர் முன்னால் குடும்பத்தாரையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். யாரையாவது தண்டிப்பதற்காக அல்ல, எங்கே தாமதம் என்று தெரிந்துகொள்ளத்தான். 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. கேரளம் 19-க்கு வந்துவிட்டது. அதனால் நாம் நிம்மதியாக உட்கார இடமில்லை.

என் தாத்தா 1931-இல் பிறந்தவர். பதிவு எங்கே கிடைக்கும்? (திருநெல்வேலி)

அந்தக் காலத்தில் கிராம முன்சீப்தான் பதிவேடு எழுதினார். அந்தப் பழைய பதிவேடுகளை உங்கள் ஊருக்கான சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். தாத்தாவின் பெயரைத் தேடாதீர்கள். பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவதால் வெறும் "ஆண்" என்றுதான் பல இடங்களில் இருக்கும். தகப்பனார் பெயர், ஊர், தோராயமான மாதம் மூன்றையும் வைத்துத் தேடச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் ஒரு வருடம் சேர்த்தே மனு எழுதுங்கள்.