வீட்டு மரவேலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் படுக்கையறைக் கதவு வெள்ளை லேமினேட். அதில் தேக்கு மரம்போல் தெரிய பெயின்ட்டால் ரேகை வரைந்து பார்த்தோம். ரேகை கலங்கிவிட்டது, நகம் பட்டாலே பெயின்ட் உரிகிறது. என்ன தவறு? – வாசகி, ஈசூன்

பதில்: இரண்டு தவறுகள். பெயின்ட் உரிவதற்குக் காரணம், அது பிடிக்க முதலில் அடிக்கும் பிரைமர் இல்லாதது. வழவழப்பான லேமினேட்டில் சுவர் பெயின்ட் பிடிக்காது. பழையதைச் சுரண்டி எடுங்கள். சோப்பு நீரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, 220ஆம் எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேயுங்கள். பிறகு லேமினேட்டுக்கென்றே விற்கும் பிரைமரை அடியுங்கள்.

ரேகை கலங்கியது அடிப்பூச்சால். பளபளப்பில்லாத மேட் பெயின்ட் மேலே பூசுவதை உறிஞ்சிவிடும். அதனால் மிதமான பளபளப்புள்ள சாட்டின் பெயின்ட் இரண்டு கோட் அடித்து ஓர் இரவு காயவிடுங்கள். நிறம், அந்த மரத்தில் தெரியும் மிக வெளிர் கோட்டின் நிறமாக இருக்கட்டும். தேக்குக்கு வெளிர் தேன் நிறம் சரி. பழுப்பு அடிப்பூச்சின் மேல் பழுப்பு ரேகை எடுபடாது.

அடுத்து, அடர்பழுப்பு அக்ரிலிக் பெயின்ட் ஒரு பங்கு, நிறமற்ற கிளேஸ் (பெயின்ட்டை மெல்லியதாக்கி மெதுவாகக் காயவைக்கும் கலவை) இரண்டு பங்கு கலந்து மெல்லியதாகப் பூசுங்கள். மின்விசிறி, ஏர்கான் இரண்டையும் நிறுத்திவிடுங்கள். காற்றில் கிளேஸ் சீக்கிரம் இறுகும். ரேகை போடும் ரப்பர் கருவியை மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் கொண்டு வாருங்கள். நடுவில் நின்றால் குறுக்கே கோடு விழும். இழுக்கும்போது கருவியை ஓரிரு முறை மட்டும் மெதுவாகச் சாய்த்தால் போதும்; சாய்க்கும் இடத்தில் மரக்கண் போன்ற வடிவம் விழும். ஓயாமல் சாய்த்துக் கதவு முழுக்கக் கண் கண்ணாக வரவைப்பதுதான் பலரும் செய்வது; போலி என்று காட்டிக்கொடுப்பதும் அதுவே. பக்கத்துப் பட்டையில் சீப்புக் கருவியால் நேர்க்கோடு மட்டும் போடுங்கள். ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் கருவியைத் துடைக்க வேண்டும்.

சட்டமும் பலகையும் உள்ள கதவென்றால் முதலில் உள்பலகை, அடுத்து குறுக்குச் சட்டம், கடைசியில் நெடுஞ்சட்டம். குறுக்குச் சட்டத்தில் ரேகை கிடையாக ஓட வேண்டும். இணைப்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் தச்சர் பூட்டியதுபோல் இருக்கும்.

மறுநாள் ரேகையைப் பாதுகாக்க, நீரில் கரையும் பாலியூரித்தேன் என்ற நிறமற்ற மேல்பூச்சு இரண்டு கோட். மழை நாளில் முதல் கோட் காயுமுன் இரண்டாவதை அடித்தால் பால்போல் மங்கிவிடும்.

கேள்வி: ஏர்கான் அறையிலுள்ள சுவார் மரப் பலகை மேசை ஓரத்தில் விரிசல். மக்கு வைத்து அடைக்கலாமா? – வாசகர், பொங்கோல்

பதில்: வேண்டாம். சுவார் என்பது நம் சாலையோரம் நிழல் தரும் அதே தூங்குமூஞ்சி மரம்தான். ஈரம் முழுதும் போகாத பலகை, ஏர்கான் காற்றில் சுருங்குகிறது. மரம் அகலவாக்கில்தான் சுருங்கி விரியும், நீளவாக்கில் அநேகமாக இல்லை. மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள். இரும்புக்கால் வட்டத்துளையில் இறுக்கமாக முடுக்கப்பட்டிருந்தால், சுருங்க இடமின்றி மரம் பிளந்திருக்கும். இரும்பிலுள்ள துளையை அகலவாக்கில் நீட்டி, வாஷர் போட்டு முடுக்குங்கள். விரிசல் வளர்வது நின்ற பிறகு, அதன் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டையைப் பதிக்கச் சொல்லுங்கள். மக்கு, மரம் அசையும்போது கழன்றுவிடும்.

கேள்வி: பாட்டி காலத்துத் தேக்கு அலமாரி அருகில் ரேகை வரைந்த கதவு பொருந்துமா? – வாசகி, தெம்பனிஸ்

பதில்: அசலை ஒட்டி நகல் நின்றால் நகல் தோற்கும். அந்தக் கதவுக்கு ஒரே நிறம் அடித்துவிடுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். காற்று புகுவதால் முதுகுப்புறம் பூஞ்சை எளிதில் பிடிக்காது.