பட்டாயாவை விடுங்கள், ஆற்றைப் பிடியுங்கள்

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் நான், கணவர், ஆறாம் வகுப்பு படிக்கும் மகன், 72 வயது அத்தை (கணவரின் அம்மா) நால்வரும் பாங்காக் போகிறோம். மூன்று இரவு, நான்கு நாள். சென்னையில் நள்ளிரவு விமானம், விடியற்காலையில் இறங்குகிறோம். நான்காம் நாள் இரவு திரும்புகிறோம். ஏஜென்ட் கொடுத்த திட்டத்தில் முதல் நாளே பட்டாயா, மறுநாள் பவளத் தீவு, மூன்றாம் நாள் மிதக்கும் சந்தையும் சஃபாரி வேர்ல்டும், கடைசி நாள் அரண்மனையும் ஷாப்பிங்கும். ஹோட்டல் பிரதுனாமில். அத்தைக்கு மூட்டுவலி உண்டு. சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டார். இந்தத் திட்டம் சரிதானா? அவரால் தாங்க முடியுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரி, அந்தத் திட்டத்தை உங்களாலேயே தாங்க முடியாது. அத்தையை விடுங்கள்.

ஒரு வரைபடத்தை விரித்துப் பாருங்கள். பட்டாயா பாங்காக்கிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். இரவெல்லாம் விமானத்தில் உட்கார்ந்து வந்த மூட்டுகளை இறங்கிய கையோடு வேனில் ஏற்றி இரண்டு மணி நேரத்துக்கு மேல் மடக்கி வைக்கச் சொல்கிறார் ஏஜென்ட். மறுநாள் பவளத் தீவுக்கு ஸ்பீடு போட். அலையில் அது தூக்கிப் போடும்போது முதுகு என்ன ஆகும் என்று அவருக்குக் கவலையில்லை. மூன்றாம் நாள் அதைவிட வேடிக்கை. தம்னன் சதுவாக் மிதக்கும் சந்தை நகருக்குத் தென்மேற்கே சுமார் 100 கிலோமீட்டர். சஃபாரி வேர்ல்ட் விலங்குப் பூங்காவோ நகரின் வடகிழக்கு ஓரம். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் பாங்காக் டிராஃபிக்கை நன்றாகப் பார்த்துவிடுவீர்கள். மதுரைக்குப் போகிறேன் என்று கிளம்பி கொடைக்கானலில் தங்கிவிட்டு, பஸ் ஏறும் முன் மீனாட்சியை எட்டிப் பார்ப்பது மாதிரிதான் இது.

என் யோசனை: நான்கு நாளும் ஊரை விட்டு வெளியே போகாதீர்கள். பாங்காக்கில் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி சாவோ பிரயா ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. 1782இல் மன்னர் முதலாம் ராமா தலைநகரை ஆற்றின் கிழக்குக் கரைக்கு மாற்றியபோது அரண்மனையும் பெரிய கோயில்களும் அங்கேதான் எழுந்தன. ஆற்றில் டிராஃபிக் ஜாம் கிடையாது, காற்று வரும், உட்கார்ந்துகொண்டே ஊரைப் பார்க்கலாம். மூட்டுவலிக்காரருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

அதற்கு முதலில் ஹோட்டலை மாற்றச் சொல்லுங்கள். பிரதுனாம் மொத்தத் துணிக்கடைகள் உள்ள இடம், நம்மவர் கூட்டம் அதிகம், அறை மலிவு. அதனால்தான் எல்லா ஏஜென்டும் அங்கே போடுகிறார்கள். ஆனால் ஆற்றுக்கு வரவே ஒரு மணி நேரம் போய்விடும். சபான் தக்சின் அல்லது சுரசாக் மேம்பால ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் கேளுங்கள். வாடகை கொஞ்சம் கூடலாம், பட்டாயாவை வெட்டியதில் அது மிச்சமாகிவிடும். சபான் தக்சின் நிலையத்துக்குக் கீழேயே சாத்தோன் படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஏறினால் எங்கே இறங்கினாலும் ஒருவருக்கு 16 பாட். (ஒரு பாட்டை ஏறத்தாழ மூன்று ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.) நீலக் கொடிப் படகு சுற்றுலாக்காரர்களுக்கானது. கட்டணம் கூடுதல், உட்கார இடம் கிடைக்கும். அத்தையோடு போகும்போது நீலத்துக்குக் காசு கொடுப்பதில் தப்பில்லை. படகு துறையில் நிற்பது சில நொடிகள்தான். ஊழியர் விசிலடித்துக்கொண்டே கயிற்றை வீசுவார், மிதவை ஆடும். நீங்கள் முன்னால், கணவர் பின்னால், நடுவில் அத்தை. மாலை நான்கு மணிக்கு மேல் அலுவலகக் கூட்டம் ஏறும், அதற்குள் திரும்பிவிடுங்கள். படகிலும் ரயிலிலும் பிக்குகளுக்கென்று இடம் ஒதுக்கியிருப்பார்கள், அங்கே மட்டும் உட்காராதீர்கள்.

இறங்கும் நாளில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம். விடியற்காலையில் ரயிலுக்கு அலையாமல் டாக்சி பிடியுங்கள். மீட்டர் தொகையோடு விமான நிலையக் கட்டணம் 50 பாட்டும் வழிச் சுங்கமும் நீங்கள்தான் தர வேண்டும், அது ஏமாற்று அல்ல. அறை பெரும்பாலும் மதியம் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். முன்கூட்டியே அறை தர முடியுமா என்று இப்போதே எழுதிக் கேட்டு, தேவைப்பட்டால் அரை நாள் வாடகை கொடுத்துவிடுங்கள். தூங்கி எழுந்து மாலையில் சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போகலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்நாட்டிலிருந்து போய்க் குடியேறியவர்கள் எழுப்பியது. உள்ளே பிள்ளையார், முருகன் எல்லாரும் உண்டு. ஆனால் வரிசையில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் தாய்லாந்துக்காரர்கள், அதிலும் இளம் வயதினர். நம் அம்மனுக்கு அவர்கள் பூத்தட்டு வைத்து மண்டியிடுவதை உங்கள் அத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். அவசரப்படுத்தாதீர்கள்.

இரண்டாம் நாள் அரண்மனை. காலை எட்டரைக்குத் திறக்கிறார்கள், அப்போதே வாசலில் இருங்கள். ஒன்பதரைக்கு மேல் பேருந்து பேருந்தாக வந்து இறங்குவார்கள், வெயிலும் ஏறிவிடும். டிக்கெட் 500 பாட். 120 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைகளுக்குத்தான் இலவசம், உங்கள் பையனுக்கும் சேர்த்து 2,000 பாட் ஒதுக்கிவிடுங்கள். தா சாங் துறையில் இறங்கினால் வாசல் பக்கம்தான். சேலை, சுடிதார் பிரச்சினையில்லை. தோள் தெரியும் சட்டையும் முழங்கால் தெரியும் டிரவுசரும் ஆகாது, பையனுக்கும் கணவருக்கும் முழு பேன்ட் போட்டுவிடுங்கள். கழற்றி மாட்ட எளிதான செருப்பு நல்லது.

வழியில் யாராவது நாகரிகமாக உடையணிந்தவர் வந்து, "இன்று அரண்மனை மூடல், பூஜை நடக்கிறது, மதியம்தான் திறப்பார்கள், அதுவரை இந்த டுக்டுக்கில் 20 பாட்டுக்கு ஊர் சுற்றிப் பாருங்கள்" என்பார். நம்பாதீர்கள். அந்த டுக்டுக் கடைசியில் நிற்கும் இடம் ரத்தினக் கடை. பல ஆண்டுகளாக ஓடும் நாடகம், இன்னும் ஆள் விழுந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அரச நிகழ்ச்சிகளுக்காக நிஜமாகவே மூடும் நாட்களும் உண்டு. அதை முந்தின நாளே அரண்மனையின் இணையதளத்தில் பார்த்துவிட்டால் தெருவில் யார் சொல்வதையும் கேட்க வேண்டியதில்லை.

உள்ளே எல்லாரும் மரகத புத்தரைப் பார்க்க முண்டியடிப்பார்கள். பார்க்க வேண்டியதுதான். 66 சென்டிமீட்டர் உயரம், பச்சைக் கல்லில் செதுக்கியது. கோடை, மழை, குளிர் என்று ஆண்டுக்கு மூன்று முறை மன்னரே ஆடை மாற்றுவார், நீங்கள் போகும்போது குளிர்கால ஆடையில் இருப்பார். ஆனால் நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வது அவர் இருக்கும் கோயிலைச் சுற்றி ஓடும் பிரகாரச் சுவருக்கு. 178 பகுதிகளாக ராமாயணம் முழுவதும் வரைந்திருக்கிறார்கள். கூரை உண்டு, நிழல் உண்டு. அவர்கள் ராமாயணத்துக்கு ராமகியன் என்று பெயர். அதில் அனுமன் பிரம்மச்சாரி இல்லை. சேதுவைக் கட்டவிடாமல் கல்லைப் பிடுங்கும் கடற்கன்னியை மடக்கப் போய், அவளைக் காதலித்து, பிள்ளையும் பெறுகிறார். அவளோ ராவணனின் மகள். வீட்டில் கதை சொல்லிப் பழகிய அத்தைக்கு இது அதிர்ச்சியாக இருக்கும், பையனிடம் அவரே சுவரைக் காட்டி எது சரி, எது தப்பு என்று விளக்க ஆரம்பித்துவிடுவார். ஒரு மணி நேரம் போவதே தெரியாது. வாசல்களில் நிற்கும் பெரிய அரக்கர்களில் பச்சை நிறத்தில் பத்துத் தலையோடு இருப்பவர்தான் ராவணன் என்று பையனுக்குச் சொல்லுங்கள். மதியத்துக்குள் முடித்து ஹோட்டலுக்குத் திரும்பிவிடுங்கள். பக்கத்தில்தானே என்று அன்றே வாட் போ கோயிலுக்கும் இழுக்காதீர்கள்.

வாட் போ மூன்றாம் நாள். 46 மீட்டர் நீளப் படுத்த புத்தர், பாதங்களில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள். பின்பக்கம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள், சில்லறை வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். அந்த வேலையைப் பையனிடம் விட்டுவிடுங்கள். வளாகத்திலேயே பாரம்பரிய மசாஜ் பள்ளி இருக்கிறது. அத்தைக்குப் பாத மசாஜ் மட்டும் போதும், முழங்காலை அழுத்த வேண்டாம் என்று முதலிலேயே கையைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். நன்றாகவே அழுத்துவார்கள். பக்கத்துத் துறையிலிருந்து எதிர்க்கரைக்குப் படகு போகும், அங்கே வாட் அருண் கோயில். பீங்கான் துண்டுகள் பதித்த கோபுரம், படிகள் செங்குத்து. அப்பாவும் பையனும் ஏறட்டும், நீங்கள் இருவரும் கீழே உட்காருங்கள்.

தெம்பு இருந்தால் அங்கிருந்து டாக்சியில் பெரிய ஊஞ்சலுக்குப் போகலாம். வாட் சுத்தாட் கோயில் முன் நடுச்சாலையில் நிற்கும் உயரமான சிவப்புத் தேக்குச் சட்டம் அது. இப்போது நிற்பது 2007இல் புதிதாக நிறுத்தியது. அதில் ஊஞ்சலாடும் சடங்கு 1935இல் நின்றுவிட்டது. பக்கத்தில் 1784இல் கட்டிய பிராமணர் கோயில் ஒன்று உண்டு. ஊஞ்சல் நின்றாலும் அந்தச் சடங்கின் மற்ற பகுதிகள் அங்கே இன்றும் நடக்கின்றன. தாய்லாந்து பிராமணர்கள் அதில் ஓதுவது திருவெம்பாவை. தலைமுறை தலைமுறையாக வாய்வழி போனதில் நம் காதுக்குப் பிடிபடாத அளவு உச்சரிப்பு மாறிவிட்டது, ஆனாலும் மாணிக்கவாசகர்தான். நீங்கள் போவது மார்கழியில், அத்தையிடம் இதைச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

சாப்பாடு. "வெஜிடேரியன்" என்று சொன்னால் கறியை எடுத்துவிட்டு மீன் சாஸை ஊற்றித் தருவார்கள், அவர்கள் கணக்கில் அது சைவம். "ஜே" என்று சொல்லுங்கள். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில் அந்தச் சின்னத்தை மாட்டியிருக்கும் கடைகளில் மீன், முட்டை மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். நம் நாக்குக்குச் சப்பென்றுதான் இருக்கும். ஒரு வேளைக்கு அது, ஒரு வேளைக்கு சீலோம் பக்கத்துத் தென்னிந்திய உணவகம் என்று மாற்றிக்கொள்ளலாம். புளிக்காய்ச்சல் டப்பா ஒன்று பெட்டியில் இருக்கட்டும். தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டரிசியோடு தரும் மாம்பழத்தைத் தவறவிடாதீர்கள்.

கடைசி நாள் பையனுக்கு. லும்பினி பூங்காவில் ஆளளவு நீளத்தில் நீர் உடும்புகள் சர்வசாதாரணமாகப் புல்லில் நடந்து போகும், சஃபாரிக்குப் பதில் இது போதும், டிக்கெட்டும் இல்லை. கிட்டே போய் செல்ஃபி எடுக்க மட்டும் விடாதீர்கள். மிதக்கும் சந்தை இல்லையே என்று யாராவது முகத்தைத் தூக்கினால், சாத்தோனிலிருந்து படகில் ஐகான்சியாம் மாலுக்குப் போங்கள். தரைத்தளத்தில் ஏசிக்குள் சின்னதாக ஒரு மிதக்கும் சந்தை வைத்திருக்கிறார்கள். செயற்கைதான். ஆனால் உட்கார இடமும் சுத்தமான கழிப்பறையும் உண்டு. உங்கள் பயணத்தில் டிசம்பர் 31 வந்தால் அன்று மாலை அந்தப் பக்கமே போகாதீர்கள், வாணவேடிக்கைக்கு ஊரே அங்கே நிற்கும்.

கிளம்பும் முன் இரண்டு வேலை. விசா விதிகளை தாய்லாந்து தூதரகத் தளத்தில் நீங்களே பாருங்கள், அவை மாறிக்கொண்டிருக்கின்றன, ஏஜென்ட் சொல்வது போன வருஷத்துக் கதையாக இருக்கலாம். அப்புறம், 2025 மே முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், நால்வருக்கும் தனித்தனியாக, குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவானாலும் போலி. டிக்கெட்டில் விமான நிலையம் சுவர்ணபூமியா டான் மியாங்கா என்றும் பார்த்துவையுங்கள். சில டிக்கெட்டுகளில் ஒன்றில் இறங்கி மற்றதிலிருந்து புறப்பட வேண்டியிருக்கும். இரண்டும் நகரின் வேறு வேறு மூலையில் இருப்பதால், திரும்பும் இரவில் டாக்சிக்காரரிடம் பெயரை இரண்டு முறை சொல்லி ஏறுங்கள்.