பதில்: நண்பன் திக்குறதை மிமிக்ரி பண்ணேன், சிரிச்சான், இப்போ பேச மாட்டேங்கறான்

ப்ரோ, "அவனும்தானே சிரிச்சான், அப்புறம் ஏன் குரூப்பை விட்டுப் போனான்"னு கேட்டிருக்கீங்க. அத்தனை பேர் முன்னாடி சிரிக்காம வேற என்ன பண்ணுவான் சொல்லுங்க, கோவப்பட்டா "இதுக்குப் போய் சீரியஸ் ஆகுறியே"ம்பீங்க, பதில் பேச வாயைத் திறந்தா அங்கயும் திக்கும், அதையும் யாராவது நடிச்சுக் காட்டுவாங்க, அதான் சிரிச்சான். அதை சம்மதம்னு எடுத்துக்காதீங்க.

திக்குறது பயந்த சுபாவத்தால வர்றது இல்ல. பெரும்பாலும் 2லேர்ந்து 5 வயசுக்குள்ள ஆரம்பிக்கும், பரம்பரையும் ஒரு காரணம், பெரியவங்கள்ல சுமார் 100ல ஒருத்தருக்கு இருக்கு. சொல்ல வர்ற வார்த்தை அவங்களுக்கு நல்லாவே தெரியும், ஆனா முதல் எழுத்துலயே மாட்டிக்கும், அதனால பலபேர் சொந்தப் பேரைச் சொல்லவே தயங்குவாங்க, கஷ்டமான வார்த்தை வருதுன்னா சட்டுனு வேற வார்த்தைக்குத் தாவிடுவாங்க. அவன் தினமும் மறைக்கப் போராடுற அதே இடத்தைத்தான் நீங்க எல்லார் முன்னாடியும் போட்டுக் காட்டியிருக்கீங்க. லேட்டா வர்றதை கலாய்ச்சிருந்தா அது வேற, நாளைக்கே மாத்திக்கலாம்.

"சும்மா ஜோக்குக்குத்தான்"னு ஆரம்பிச்சு மன்னிப்பு கேக்காதீங்க ப்ளீஸ். தனியா நேர்ல பாத்து "நான் பண்ணது தப்பு"ன்னு மட்டும் சொல்லுங்க. பதில் சொல்லத் திணறினா வாக்கியத்தை நீங்க முடிச்சு வைக்காதீங்க, அவனே முடிக்கற வரைக்கும் காத்திருங்க. நீங்க அவனை மிமிக்ரி பண்ணி குரூப்ல போட்ட வீடியோவை, மன்னிப்பு கேக்கறதுக்கு முன்னாடியே டெலீட் பண்ணிடுங்க, திரும்ப யாராவது ஆரம்பிச்சா நீங்களே நிறுத்துங்க.