தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்துவிட்டால் எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்படாதா?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் வீட்டில் பிரசவம் நெருங்குகிறது என்றும், சேமிப்பு வங்கியின் முகவர் ஒருவர் வழவழப்பான கையேட்டுடன் வந்துபோயிருக்கிறார் என்றும் ஊகிக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். ஆனால் இந்தக் கேள்விக்கான விடையை என் பிள்ளைகளின் உடம்பிலிருந்து கற்றுக்கொண்டவன்.

மூத்த மகள் பிறந்தபோது தவணையில் பணம் கட்டிச் சேமித்தோம். எட்டாம் மாதத்தில் அவளுக்குத் தாலசீமியா மேஜர், அதாவது உடலால் போதிய ஹீமோகுளோபினை உருவாக்க முடியாத கடுமையான பரம்பரை இரத்தநோய், என்று தெரியவந்தது. மஜ்ஜையைப் போலவே கொடி இரத்தத்திலும் இரத்தத்தை உருவாக்கும் குருத்தணுக்கள் உண்டு என்பதால், சேமித்துவைத்த அந்தப் பையைப் பற்றி நான் சற்றுப் பெருமிதத்துடனேயே சொன்னேன். "அதுவும் இவளுடைய இரத்தம்தானே? மரபணுப் பிழை அதிலும் இருக்குமே" என்றார் மருத்துவர். கையேட்டின் நோய்ப் பட்டியலில் தாலசீமியா இருந்தது. யாருடைய இரத்தத்தால் அது குணமாகும் என்பதுதான் இல்லை. பிற்காலத்தில் தனக்கே பயன்படும் என்று சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளே கூறுகின்றன.

இரண்டாவது கர்ப்பத்தில் கருவிலேயே சோதித்து, நோயில்லை என்று உறுதிசெய்த பிறகு மகன் பிறந்தான். உடன்பிறந்தவருடன் எச்எல்ஏ (ஒருவரின் அணுக்களை இன்னொருவர் உடல் ஏற்குமா என்று பார்க்க உதவும் மரபு அடையாளங்கள்) முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான், எங்களுக்குப் பொருந்தியது. அவனுடைய கொடி இரத்தத்தையும் சேமித்திருந்தோம். ஆனால் நோயாளியின் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது இரண்டரைக் கோடி உட்கருவுள்ள அணுக்களாவது வேண்டும், தாலசீமியாவில் அதற்கும் கூடுதலாக வேண்டும் என்பதால், பையில் இருந்த சுமார் 38 கோடி அணுக்கள் 19 கிலோ மகளுக்குப் போதவில்லை. மகனுக்கு மூன்று வயதானதும் மயக்க மருந்து கொடுத்து அவன் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். அவன் இரண்டு நாள் நொண்டினான். அதை அக்காவுக்குச் செலுத்திய பதினேழாம் நாள் அவளுடைய வெள்ளையணுக்கள் ஏறத் தொடங்கின.

நான் கொடி இரத்தத்துக்கு எதிரி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 1988இல் பாரிசில் எலியான் குளூக்மன் குழுவினர், ஃபான்கோனி இரத்தசோகை என்ற பரம்பரை மஜ்ஜை நோயால் பாதிக்கப்பட்ட ஒரு சிறுவனுக்குத் தங்கையின் கொடி இரத்தத்தைச் செலுத்திக் காப்பாற்றியதிலிருந்து, உறவில் பொருத்தமான கொடையாளர் இல்லாத எத்தனையோ பேருக்கு அது உயிர் கொடுத்திருக்கிறது. எச்எல்ஏ ஓரளவு பொருந்தாவிட்டாலும் கொடி இரத்தத்தைப் பயன்படுத்த முடியும். ஏற்றப்பட்ட அணுக்கள் நோயாளியின் உடலை நாட்பட்டுத் தாக்கும் தொல்லையும் குறைவு. ஆனால் அணுக்கள் வேரூன்றக் கூடுதல் நாட்கள் ஆவதால், அந்த இடைவெளியில் நோய்த்தொற்று அபாயம் அதிகம். வங்கியிலிருந்து பெற்ற பை போதவில்லையென்றால் மீண்டும் கேட்பதற்குக் கொடையாளர் என்று ஒருவர் இருக்க மாட்டார். பெரியவர்களுக்குச் சில சமயம் இரண்டு பைகள் தேவைப்படும்.

என் ஆறாத கோபம் வேறொன்றின் மீது. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்தவர்களில் ஒருவரும் எங்கள் இருவருக்கும் தாலசீமியா மரபணுவைச் சுமக்கிறோமா என்று காட்டும் எச்பி ஏ2 இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லவில்லை. பிள்ளைக்கு நோய் வந்த பிறகு மட்டும் என் மனைவியின் வயிற்றைக் குறை சொன்னார்கள், நானும் அதே மரபணுவைச் சுமப்பவன் என்பது தெரிந்தும்.

ஆகவே முகவரிடம் கையெழுத்திடுவதற்கு முன் நீங்கள் இருவரும் அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். மூத்த பிள்ளைக்கு இத்தகைய நோய் ஏதும் இருந்தால், பிறக்கப்போகும் குழந்தையின் கொடி இரத்தத்தைச் சேமிக்கலாமா என்று இரத்தவியல் மருத்துவரிடம் கேளுங்கள். முகவரிடம் கேட்க வேண்டாம்.