ஏழாவது படம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர்த் தேரோட்டப் படங்களை ஆண்டுதோறும் ஒரு இணையப் பக்கத்தில் ஏற்றி வருகிறேன். வரிசைக்கு மூன்று படம். ஒன்பது இருந்தால் கச்சிதமாக அமைகிறது. ஏழு இருந்தால் கடைசிப் படம் மூலையில் தனியாக நிற்கிறது. முதல் படத்தை மட்டும் பெரிதாக்கலாம் என்று, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியில் 'ஃபர்ஸ்ட் சைல்டு' செலக்டரை (விதி எதற்குப் பொருந்தும் என்று சொல்லும் குறிப்பை) போட்டேன். எல்லாப் படமும் பெரிதாகிவிட்டது! தொட்டால் முழு அளவில் திறப்பதற்காக ஒவ்வொரு படத்தையும் ஒரு இணைப்புக்குள் வைத்திருக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இல்லாமல் வழி உண்டா?

ம.

அன்புள்ள ம.,

உண்டு. உங்கள் யோசனையும் சரியானதுதான், போட்ட இடம்தான் தவறு. 'ஃபர்ஸ்ட் சைல்டு' என்பது பக்கத்தின் முதல் படத்தைக் குறிப்பதில்லை. தன் தாய்க்கு முதல் பிள்ளையாக இருப்பதைக் குறிக்கிறது. உங்கள் பக்கத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் இணைப்பு தாயாக இருக்கிறது. வீட்டுக்கு ஒரே பிள்ளை என்றால் எல்லோரும் தலைப்பிள்ளைதானே? எனவே செலக்டரைப் படத்துக்கு எழுதாமல், எல்லாவற்றையும் அடக்கியிருக்கும் பெட்டியின் நேர்ப் பிள்ளைகளான இணைப்புகளுக்கு எழுதுங்கள்.

இனி எண்ணிக்கை. சிஎஸ்எஸ்ஸுக்கு எண்ணத் தெரியாது என்றே பலரும் நினைக்கிறார்கள். 'என்த் லாஸ்ட் சைல்டு' கடைசியிலிருந்து எண்ணும். ஒரு பிள்ளை முன்னாலிருந்து முதலாவதாகவும் பின்னாலிருந்து ஏழாவதாகவும் இருந்தால், மொத்தம் ஏழு பேர் என்று தெரிந்துவிடுகிறது. சிஎஸ்எஸ் வல்லுநர் லியா வெரூ 2011லேயே இந்த உத்தியை விளக்கி எழுதினார். இன்றும் இதைவிட எளிய வழியை நான் பார்க்கவில்லை.

கட்டங்களாக அடுக்கும் சிஎஸ்எஸ் முறையான கிரிட்டில் பெட்டியின் அகலத்தை 6 சம பாகமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு படமும் 2 பாகம் எடுக்கட்டும். வரிசைக்கு மூன்று வந்துவிடும். பிறகு, 'ஃபர்ஸ்ட் சைல்டு' ஆகவும் 'என்த் லாஸ்ட் சைல்டு (3என்+1)' ஆகவும் இருப்பதற்கு 6 பாகமும் கொடுங்கள் ('என்' என்பது 0, 1, 2 என்று ஏறும் எண்). 4, 7, 10 என்று ஒன்று மிஞ்சும் எண்ணிக்கைகளில் முதல் படம் முழு வரிசையையும் எடுத்துக்கொள்ளும், மற்றவை மூன்று மூன்றாக அமையும். இரண்டு மிஞ்சினால் 3என்+2 என்று எழுதி, அந்த முதல் படத்துக்கும் '+' குறியால் அதற்கு அடுத்ததற்கும் 3 பாகம் வீதம் கொடுங்கள். மிஞ்சும் இடத்தைக் கடைசிப் படத்துக்குக் கொடுப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரிதாகத் தெரிவது தொடக்கமாக இருக்கட்டும்.

கைபேசியில் வரிசைக்கு இரண்டு போதும்: படத்துக்கு 3 பாகம், மொத்தம் ஒற்றைப்படையாக இருந்தால் (2என்+1) முதல் படத்துக்கு 6. திரையின் அளவைப் பார்த்து விதியை இயக்கும் மீடியா குவெரி போட்டு, இந்த ஒற்றைப்படை விதியைச் சிறு திரைக்குள்ளேயும் மேலே சொன்ன மூன்றின் விதிகளைப் பெரிய திரைக்குள்ளேயும் அடைத்துவையுங்கள். விட்டால் ஒற்றைப்படை விதி பெரிய திரையிலும் வேலை செய்யும். ஒன்பது படம் இருக்கும்போது முதல் படம் ஒரு வரிசையை விழுங்கிவிடும். மீதி எட்டில் கடைசி வரிசை மறுபடி குறைப்பட்டு நிற்கும். நான் இதில் ஒரு மாலைப்பொழுதை இழந்திருக்கிறேன்.

பெட்டிக்குள் தலைப்போ பத்தியோ வைக்காதீர்கள். அதுவும் பிள்ளைக் கணக்கில் சேரும்.

தேர்ப் படங்கள் என்பதால் ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். படங்களை ஒரே அளவில் நிறுத்த 'ஆப்ஜெக்ட் ஃபிட்: கவர்' போட்டிருப்பீர்கள். அது நடுப்பகுதியை வைத்துக்கொண்டு விளிம்புகளை வெட்டும். உயரமான தேரில் முதலில் போவது கலசம்! 'ஆப்ஜெக்ட் பொசிஷன்' மேல்பக்கம் என்று கொடுத்தால் கலசம் தப்பும். முழு வரிசைக்கு வரும் முதல் படத்துக்கு அகலம் உயரத்தைப்போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். இல்லையென்றால் அந்த ஒரு படமே திரையை நிரப்பிவிடும். அங்கே தேரை வைக்காமல், வடம் பிடித்து இழுக்கும் கூட்டத்தை வையுங்கள்.